650 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ். சோதனைக் கருவி: ‘கெட்டது’ என்றால் நம்பலாம், ‘நல்லது’ என்றால்?

பழைய டெஸ்க்டாப் கணினியைக் கைவிட மனமோ வசதியோ இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள், சென்னை ரிச்சி தெருவில் 650 ரூபாய்க்கு நான் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். சோதனைக் கருவி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்ற மின்னழுத்தங்களாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் இல்லை. அதே அச்சில் வார்த்த கருவி வெவ்வேறு ஒட்டுத்தாள்களுடன் பல கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் சின்ன எல்.சி.டி. திரை, ஓரங்களில் மதர்போர்டுக்குப் போகும் 24 முனைக் கனெக்டருக்கும், புரோசசருக்கான 4 முனை, 8 முனைக் கனெக்டர்களுக்கும், டிஸ்க், டிரைவுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டாவுக்கும், மோலெக்ஸுக்கும் தனித்தனி வாய்கள். இது எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் ஆளை ஏமாற்றிவிடுகிறது என்பதை எங்கள் கடைக் கணினியின் நோயைக் கண்டுபிடித்த கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் உரக்கடை கும்பகோணத்தில் இருக்கிறது. பில் போடும் கணினி 2010-இல் வாங்கியது: இன்டெல் கோர் 2 டுவோ இ7500 புரோசசர், ஜி41 சிப்செட் மதர்போர்டு, 2 ஜி.பி. ராம். இன்றைக்கு இதைவிட வேகமான கைப்பேசிகள் கடைப் பையன்களின் சட்டைப்பையில் இருக்கின்றன. ஆனாலும் அதை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் முதுகில் இருக்கும் பேரலல் போர்ட். கார்பன் வைத்த மூன்று பிரதித் தாளில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அதில்தான் மாட்டியிருக்கிறது. டாஸ் காலத்தில் எழுதிய பில் மென்பொருளோ அந்தப் போர்ட்டைத் தவிர வேறு வழியில் அச்சிடத் தெரியாதது. யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். பிரின்டர் அசையவே இல்லை.

தொல்லை மார்கழியில் தொடங்கியது. காலையில் கடை திறந்து கணினியின் பொத்தானை அழுத்தினால், உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மூன்றாவது, நான்காவது முறை அழுத்தினால் எழுந்துகொள்ளும். ஒருமுறை எழுந்துவிட்டால் மாலை வரை எந்தக் குறையும் தெரியாது; நடுவில் அணைத்து உடனே போட்டாலும் முதல் அழுத்தலிலேயே வந்துவிடும். சில வாரங்களில் இரண்டாவது அறிகுறி சேர்ந்தது: மின்சாரம் நின்று யு.பி.எஸ். கைமாறும் கணத்தில் கணினி தானாகவே மறுபடி தொடங்கியது. மூன்றாவதாக, வைரஸ் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, எந்த நீலத் திரையும் பிழைச் செய்தியும் காட்டாமல் மறுதொடக்கம் ஆனது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு வரிசையாக நின்றது. அந்தப் பதிவைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முறையாக அணைக்காமல் கணினி நின்று மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. வயரைப் பிடுங்கினாலும் அதே பதிவுதான் விழும்.

உள்ளூரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். எடுத்துப் போனபோது மதியம்; அன்றைய வெயிலில் வண்டியில் வந்த பெட்டி முதல் அழுத்தலிலேயே ஓடியது. அவர்கள் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டி, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை பழைய கதை. மறுபடியும் கொண்டுபோய் ஒரு நாள் அங்கேயே விட்டுவைத்தேன். “போர்டு போயிடுச்சு சார், இதுக்கு போர்டு இப்ப கிடைக்காது, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க” என்றார்கள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன், அனுபவம் என்றார்கள். அந்த அனுபவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் 25,000 ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் ஓர் அளவீடாவது கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பொருள் வாங்கச் சென்னைக்குப் போன அடுத்த முறை இந்தக் கருவியையும் வாங்கிவந்தேன்.

கருவியைத் தொடுவதற்கு முன் சில்லறைச் சந்தேகங்களை நீக்கிக்கொண்டேன். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி 3.02 வோல்ட் காட்டியது, நேரமும் தவறவில்லை. முன்பக்கப் பொத்தான் தேய்ந்திருக்கலாம் என்பதால் அதன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் உள்ள அந்த இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். அதே அரைச் சுற்று. புரோசசரின் சூடு 60 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் 12 வோல்ட் என்ற வரிக்கு எதிரே 11.9 என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு சிப், மின்தடைகளால் வகுத்துக் குறைத்த மின்னழுத்தத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண் அது. தவிரவும் பயாஸ் திரையில் கணினிக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

இனி கருவி. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லா வயர்களையும் கணினியிலிருந்து கழற்றி, 24 முனைக் கனெக்டரைக் கருவியில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால், கருவியே எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்பிவிடுகிறது. பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து எழுப்பும் பழைய வழக்கத்தைத்தான் இதுவும் செய்கிறது, ஆனால் தவறான துளையில் கிளிப்பைச் செருகிவிடும் அபாயம் இதில் இல்லை. எழுந்த சில வினாடிகளில் திரையில் ஆறு எண்கள் வருகின்றன: மஞ்சள் வயரின் 12 வோல்ட், சிவப்பின் 5 வோல்ட், ஆரஞ்சின் 3.3 வோல்ட், நீலத்தின் கழித்தல் 12 வோல்ட், கணினி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் ஊதாவின் ஸ்டேண்ட்பை 5 வோல்ட், கடைசியாக பி.ஜி. என்ற தலைப்பில் ஒரு மில்லிவினாடிக் கணக்கு. கடைசி எண், மின்னழுத்தங்கள் நிலைப்பட்டபின் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் நிற வயர் வழியாக ‘நான் தயார்’ என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம். 100-க்கும் 500-க்கும் இடையில் இருக்க வேண்டும். எண் எல்லையைத் தாண்டினால் அது கண் சிமிட்டும், கருவியும் கத்தும். அந்தச் சத்தம் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருக்கிறது; நிறுத்த வழியில்லை.

முதல் சோதனையைக் காலை 11 மணிக்குச் செய்தேன். 12.1, 5.1, 3.3, 11.7, 5.0, பி.ஜி. 260. எதுவும் கண் சிமிட்டவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று அன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் இந்தக் கருவியின் பெரிய குறை இருக்கிறது. பெட்டியின் மேலோ, உள்ளே மடித்து வைத்த துண்டுத் தாளிலோ அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கருவிக்குள் இருப்பது மிகச் சிறிய லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் சுமை. எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ சும்மா நிற்கும்போது அதன் மின்னழுத்தங்களைப் படிக்கிறது. இருநூறு கிலோ மூட்டையைத் தூக்க முடியாமல் திணறுகிற ஒருவரைக் கூப்பிட்டு, கையில் ஒரு குடையைக் கொடுத்து நிற்கவைத்து, “நன்றாகத்தானே நிற்கிறார்” என்று சான்றிதழ் எழுதுவதைப் போன்றது அது. எங்கள் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் இரண்டும் வாட் கொடுக்கும்போது தடுமாறவில்லை. புரோசசரும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து இழுக்கும்போதுதான் தடுமாறியது.

அதோடு நான் சோதித்த நேரமும் தவறு. எஸ்.எம்.பி.எஸ். முதுமையடைவது பெரும்பாலும் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் அதன் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களால். நம் ஊர் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்வது இவற்றைத்தான். உள்ளே இருக்கும் ஈரமான வேதிக் கலவை வருடக்கணக்கான சூட்டில் மெல்ல உலர்கிறது, கொள்திறன் குறைகிறது, உள்தடை கூடுகிறது. குளிரில் அந்த உள்தடை இன்னும் கூடும். சற்றுச் சூடேறினால் குறையும். ஆகவே இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஸ்.எம்.பி.எஸ். காலையில் எழ மறுப்பதும், நாலு முறை தட்டி எழுப்பியபின் நாள் முழுவதும் ஓடுவதும், வயதான கெப்பாசிட்டரின் நடத்தை. நாங்கள் கடை பூட்டும்போது யு.பி.எஸ்.ஸையும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா வயரின் ஸ்டேண்ட்பை பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும், அந்த இளஞ்சூடு தங்கும். சோதனைக்காக மூன்று இரவுகள் சுவிட்சை அணைக்காமல் விட்டேன். மூன்று காலையும் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. பழுதடைந்தது போர்டுதான் என்றால் சுவர் சுவிட்ச் அதை எப்படிக் குணப்படுத்தும் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

நான்காம் நாள் இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய், காலை ஆறரைக்கு வந்து, கணினியை எழுப்பாமலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் கருவியில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஸ்டேண்ட்பை 4.5 என்று கண் சிமிட்டியது, விசிறி அரைச் சுற்றுச் சுற்றியது, திரை அணைந்தது. மறுபடி போட்டபோது 4.6, அதே நாடகம். மூன்றாவது முறையில் எல்லா எண்களும் வந்து நிலைத்தன. ஸ்டேண்ட்பை மின்னழுத்தத்துக்கு அனுமதி 4.75-இலிருந்து 5.25 வரை. போர்டு இல்லாமல், ராம் இல்லாமல், டிஸ்க் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் முன்னாலேயே எஸ்.எம்.பி.எஸ். எழ மறுத்தது என்றால், போர்டின் மேல் பழி போட இடமில்லை. 650 ரூபாய் இந்த ஒரு கணத்துக்கே தகும் என்று சொல்வேன். ஷார்ட் ஆன மதர்போர்டு இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள இதேபோல் எழுந்து அணையும் என்பதால், வெறும் அறிகுறியை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கருவி அவற்றைப் பிரித்துக் காட்டியது.

இருந்தாலும் கடைக்காரரிடம் போய்ப் பேசுவதற்கு முன் கணினிக்குள் இருக்கும்போதே எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது என்று பார்த்துவிட விரும்பினேன். அதற்கு இந்தக் கருவி ஆகாது. அது கணினியை அப்புறப்படுத்திவிட்டுத்தான் பேசும். கடையில் பேட்டரி பார்க்க வைத்திருந்த மஞ்சள் நிற டிடி-830டி மல்டிமீட்டரை எடுத்தேன். 250 ரூபாய்க்குள் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைப்பது. அதன் 20 வோல்ட் டி.சி. வரம்பில் நூறில் ஒரு பங்கு வோல்ட் வரை படிக்கலாம். சோதனைக் கருவியின் திரையோ பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. 12 வோல்ட் வயருக்கு அனுமதி 11.40-இலிருந்து 12.60 வரை. 11.36-ஐயும் 11.44-ஐயும் ஒரே 11.4 ஆகக் காட்டும் கருவியால், எல்லைக்கோட்டில் நிற்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கறுப்பு முள்ளை, வேலை இல்லாமல் தொங்கும் ஒரு மோலெக்ஸ் கனெக்டரின் கறுப்பு வயர் துளையில் செருகிவிட்டு, சிவப்பு முள்ளை 24 முனைக் கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடுக்கில் மெல்ல இறக்கினேன். கை நழுவி இரண்டு வயர்களை ஒரே முள் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகும். நிதானம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தவிர்க்கலாம். முதலில் பச்சை வயர். அணைந்த நிலையில் அதில் 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் போர்டு அதைப் பூஜ்யத்துக்கு இழுத்து, எழுந்துகொள் என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சொல்கிறது. குளிர்ந்த காலையில் பொத்தானை அழுத்தியபோது பச்சை வயர் 0.1-க்கு விழுந்தது, அங்கேயே நின்றது, ஆனால் எஸ்.எம்.பி.எஸ். எழவில்லை. போர்டு ஒழுங்காகக் கூப்பிடுகிறது, கூப்பிட்ட ஆள்தான் வரவில்லை. பச்சை வயர் கீழே விழாமல் நின்றிருந்தால் கதை தலைகீழாகியிருக்கும்; போர்டையோ பொத்தானையோதான் சந்தேகிக்க வேண்டியிருந்திருக்கும். இந்த ஒரு அளவீட்டைச் செய்துவிட்டு ‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கடைக்காரரை நான் மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பேன்.

அடுத்து லோடு. கணினி ஓடத் தொடங்கி, சூடேறி, பில் மென்பொருள் மட்டும் திறந்திருக்கும்போது மோலெக்ஸின் மஞ்சள் வயரில் 11.74, சிவப்பு வயரில் 5.08. புரோசசரை நூறு சதவீதத்துக்கு ஓட்டும் ஒரு சோதனை மென்பொருளை இயக்கிவிட்டு, கூடவே டிஸ்க் முழுவதையும் படிக்கும் வைரஸ் சோதனையையும் தொடங்கினேன். மஞ்சள் 11.33-க்கு இறங்கியது. சிவப்பு 5.19-க்கு ஏறியது. ஒன்று இறங்க மற்றது ஏறுவது, 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்றில் சேர்த்துக் காக்கும் பழைய, மலிவான அமைப்பின் அடையாளம்: மஞ்சள் தாழும்போது அதைத் தூக்க முயன்று சிவப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஏழாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

டிடி-830டி போன்ற மீட்டரின் பிழை அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் ஓரிரண்டும் இருக்கலாம் என்பதால், 11.33 என்ற எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்து எல்லை தாண்டிவிட்டது என்று அடித்துச் சொல்வது நேர்மையாகாது. உண்மையில் அது 11.41 ஆகவும் இருந்திருக்கலாம். நான் நம்பியது அந்த எண்ணை விட, ஓய்வுக்கும் உழைப்புக்கும் இடையே விழுந்த 0.41 வோல்ட் வித்தியாசத்தை. மீட்டர் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் வித்தியாசம் பெரிதாக மாறாது. 65 வாட் புரோசசர் ஒன்றையும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத போர்டையும், ஒற்றை டிஸ்க்கையும் சுமக்க இத்தனை சரிவு என்றால் அது களைத்துவிட்டது.

யு.பி.எஸ். விஷயமும் இதோடு விளங்கியது. மின்சாரம் நின்று பேட்டரிக்குக் கைமாற வீட்டு யு.பி.எஸ்.களுக்குச் சில மில்லிவினாடிகள் ஆகும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முன்பகுதியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் தன் சேமிப்பிலிருந்து நிரப்ப வேண்டும், டெஸ்க்டாப் எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏ.டி.எக்ஸ். வரையறை 16 மில்லிவினாடி வரை தாங்கச் சொல்கிறது. கொள்திறன் குறைந்துபோன கெப்பாசிட்டர் அதற்கு முன்பே கையை விரித்துவிடுகிறது. நாங்கள் இதைத் தெரியாமல் நடுவில் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றி 1,100 ரூபாய் வீணாக்கியிருந்தோம். பேட்டரி புதியது, பிரின்டரும் மானிட்டரும் அணையாமல் நிற்கின்றன, கணினி மட்டும் மறுதொடக்கம் ஆகிறது என்றால், யு.பி.எஸ்.ஸைத் திட்டுவதற்கு முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள். சோதனைக் கருவியில் இதை அளக்க எந்த வழியும் இல்லை.

அளக்க முடியாத இன்னொன்று, நேர் மின்னழுத்தத்தின் மேல் ஏறி நிற்கும் நெளிவு. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கும், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டுக்கும் மேல் அது போகக்கூடாது. கெப்பாசிட்டர்கள் உலர்ந்தால் முதலில் கெடுவது இதுதான், ஆனால் கருவியும் மீட்டரும் சராசரியை மட்டுமே காட்டுவதால் இரண்டுக்குமே அது தெரியாது. டிடி-830டியின் ஏ.சி. வரம்பு 200 வோல்ட்டில் தொடங்குகிறது. அதில் போய் மில்லிவோல்ட் தேட முடியாது. மின்னழுத்தத்தின் நெளிவைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். வீட்டில் அது இருக்கிறவர் இந்த மதிப்பீட்டைப் படிக்க மாட்டார்.

கருவியின் கட்டுமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. 24 முனை வாய் மிக இறுக்கம். இழுத்துக் கழற்றும்போது இரண்டு முறை கனெக்டரின் கொக்கி உடைந்துவிடுமோ என்று பயந்தேன். சாட்டா வாயோ நேர்மாறாகத் தளர்ந்து ஆடுகிறது, தொடர்பு விட்டுப்போனால் கருவி அதையும் குறையாக எண்ணிக் கத்துகிறது. அப்படி ஒருமுறை நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் மேலேயே சந்தேகம் வந்தது. புரோசசர், சாட்டா, மோலெக்ஸ் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத்தான் மாட்டிப் பார்க்க வேண்டும்; அப்போதும் 24 முனைக் கனெக்டர் மாட்டியபடியே இருக்க வேண்டும், அது இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ். எழாது. இதையும் துண்டுத் தாளின் ஆங்கிலத்திலிருந்து புரிந்துகொள்வது கடினம். மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் எல்.எல். என்றும் உயர்ந்தால் எச்.எச். என்றும் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும் என்பது மட்டும் தெளிவாக எழுதியிருந்தது. திரையின் நீல ஒளி நன்றாக இருக்கிறது, மேசைக்கடியில் படுத்துக்கொண்டு படிக்கலாம்.

கடைசியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினோம். பழையதின் ஒட்டுத்தாளில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். கோர் 2 டுவோ காலத்திலேயே புரோசசரின் பசியெல்லாம் மஞ்சள் வயரில்தான் என்பதால், மீதி வாட்டுகள் அட்டைப்பெட்டி அலங்காரம். புதியது வாங்கும்போது 12 வோல்ட் வரியைப் படித்து, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று இருக்கிறதா என்று பார்த்து, 24 முனைக் கனெக்டரோடு பழைய டி.வி.டி. டிரைவுக்கு மோலெக்ஸும் இருக்கிறதா என்று சரிபார்த்து எடுத்தோம். 2,700 ரூபாய் ஆனது. அதே மீட்டரில், அதே சோதனை மென்பொருளை ஓட்டியபடி பார்த்தபோது, மஞ்சள் வயர் 12.08-இலிருந்து 12.02-க்கு வந்ததோடு சரி. அதே மீட்டர் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒழுங்கான எண் காட்டியதால், பழைய 11.33 பற்றிய என் தயக்கமும் தீர்ந்தது.

பழையதைத் திறந்து பார்க்க ஆசை இருந்தது. நம் 230 வோல்ட்டில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முன்பகுதிக் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்னழுத்தம் நிற்கும். வயரைப் பிடுங்கியபின்னும் சிலவற்றில் வெகுநேரம் தங்கும். தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. எங்கள் தெருவில் டி.வி. பழுது பார்க்கும் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பல்பின் வழியாக மின்னிறக்கம் செய்துவிட்டு மூடியைத் திறந்தார். வெளியீட்டுப் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அவர் அவற்றை விட்டுவிட்டு, ஸ்டேண்ட்பை பகுதியில் ஒரு சூடான டிரான்சிஸ்டரை ஒட்டி நின்ற சுண்டுவிரல் நுனி அளவுள்ள கெப்பாசிட்டரைக் காட்டினார். அது உப்பவில்லை, ஒழுகவில்லை. சுற்றியிருந்த பலகை மட்டும் பழுப்பேறியிருந்தது. “இதான் தம்பி காலையில எந்திரிக்க விடாம பண்ணுனது” என்றார். கழற்றி அவருடைய மீட்டரில் வைத்தபோது, எழுதியிருந்த கொள்திறனில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணால் பார்த்து உப்பல் தேடுகிறவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். மூன்றையும் மாற்றிக் கொடுக்க 200 ரூபாய் வாங்கினார், சரிசெய்த எஸ்.எம்.பி.எஸ். மாற்றுக்கு இருக்கட்டும் என்று பரணில் கிடக்கிறது.

ஆகவே யார் வாங்கலாம்? மாதத்துக்கு நாலைந்து கணினிகளைத் திறந்து மூடுகிறவர்கள், பள்ளிக் கணினி அறையைக் கவனிக்கிறவர்கள், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். அடியோடு செத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், ஒரு வயரில் மட்டும் மின்னழுத்தம் காணாமல் போனதையும், எங்களுடையதைப் போல் எழவே திணறுவதையும் இது ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 250 ரூபாய் மல்டிமீட்டரும், நண்பரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இதைவிட அதிகம் சொல்லும். வாங்கியே தீருவது என்றால், நோய் தெரியும் நேரத்தில் சோதியுங்கள்: காலையில் தொல்லை என்றால் காலையில், ஆறிய நிலையில். எண்கள் கண் சிமிட்டினால் நம்பலாம். சிமிட்டவில்லை என்றால் லோடில் மஞ்சள் வயரை மீட்டரில் பார்க்கும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்று. பத்தில் ஒரு பங்கோடு நிற்கும் திரைக்காக ஒன்றும், லோடு இல்லாததைச் சொல்லாமல் மறைத்ததற்காக ஒன்றும் கழித்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்காக இன்னும் அரை கழித்திருப்பேன். ஆனால் போன வாரம் பக்கத்து மருந்துக்கடைக் கணினி எழாதபோது, சத்தம் கேட்டுப் பழகிய அந்தக் கடைக்காரரே வந்து கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.